பல்லு வேருக்குள்ள கொஞ்சம் கிராம்பு, கொஞ்சம் ரப்பர் சொந்தம், கொஞ்சம் சிமெண்டு

மார்த்தாண்டத்துல பல் கிளினிக்கு கதவைத் திறந்ததும் மூக்குல ஏறுற ஒரு வாசம் உண்டு, ரொம்ப நாளு அதை ஏதோ ஆஸ்பத்திரி மருந்துன்னே நினைச்சிட்டு இருந்தேன், கடைசியில பாத்தா அது கிராம்பு. கிராம்பு எண்ணெயில பெரும்பங்கு யூஜினால்ங்கிற பொருள்தான், பல்லுவலிக்கு ஆச்சி கிராம்பு வச்சுக் கடிக்கச் சொன்னதும் அதுக்காகத்தான். மாறாமலை, கரும்பாறை பக்கம் விளையுற நம்ம கன்னியாகுமரி கிராம்புக்கு 2021ல புவிசார் குறியீடு கூட கிடைச்சுது. அது பல்லு வேருக்குள்ள வரைக்கும் போகுதுன்னு தான் தெரியாம இருந்தது.

ரூட் கெனால் செய்யும்போது உள்ள அழுகுனதை எடுத்து, வேருக்குள்ள ஓடுற குழாயைச் சுத்தம் பண்ணி, அதை அடைக்கணும். அடைக்கிறது கட்டா பெர்ச்சான்னு ஆரஞ்சு நிறத்துல ஒரு மெல்லிசு குச்சி. மலேயா பக்கத்து மரத்துப் பாலுல இருந்து வர்றதுன்னு சொன்னதும், குலசேகரத்துல தினம் விடியக்காலம் பால் வெட்டப் போற எங்க மாமா "அப்போ பல்லுக்குள்ளயும் ரப்பரா மக்கா?"ன்னு கேட்டாரு. கேள்வி சரிதான். ரெண்டுலயும் ஐசோபிரீன்ங்கிற ஒரே துண்டுதான் சங்கிலியா கோர்த்திருக்கு, கோர்த்த விதம் தான் வேற. ரப்பர்ல சங்கிலி சுருண்டு கிடக்கும், அதனால இழுத்தா நீளும். கட்டா பெர்ச்சாவுல நேரா நின்னு ஒண்ணோட ஒண்ணு அடுக்கிக்கும், அதனால விறைப்பு, சூடு காட்டினா இளகும். ஆனா அந்தக் குச்சியில நிஜ கட்டா பெர்ச்சா அஞ்சுல ஒரு பங்குதான், மிச்சத்துல பெரும்பகுதி ஜிங்க் ஆக்சைடு பொடி, ரப்பர் கம்பெனியில டயருக்குச் சேர்க்கிற அதே பொடி.

பிரச்சனை என்னன்னா இந்தக் குச்சி பல்லுல ஒட்டாது. வேரோட குழாயும் பைப் மாதிரி உருண்டையா இருக்காது, கிளை இருக்கும், தட்டையா இருக்கும், சுவரு முழுக்க 1, 2 மைக்ரான் அகலத்துல நுண்ணிய ஓட்டைகள், பாக்டீரியா சொகமா உள்ள போய் உக்காரும். குச்சிக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற அந்த இடுக்கை அடைக்கிற பசைதான் சீலர்.

இந்த சீலருக்கு ஐஎஸ்ஓ 6876ன்னு ஒரு சர்வதேச தர விதி இருக்கு, அதுல உள்ள ஒரு சோதனை எனக்கு ரொம்ப பிடிச்சது, தோசை மாவு பதம் பாக்கிற மாதிரியே இருக்கும். கலந்த சீலர்ல 0.05 மில்லி எடுத்து கண்ணாடித் தட்டுல வச்சு, மேல இன்னொரு கண்ணாடி, மொத்தம் 120 கிராம் பாரம், 10 நிமிஷம் கழிச்சு பாத்தா வட்டம் 17 மில்லிமீட்டராவது பரவியிருக்கணும். பரவலேன்னா இடுக்குக்குள்ள போகாது. ரொம்ப பரவினாலும் தப்பு, வேர் நுனி தாண்டி எலும்புக்குள்ள வழிஞ்சிரும், கீழ்த்தாடையில நரம்புகிட்ட போயிட்டா உதடு மரத்துப்போற அளவுக்குப் போகலாம். அழுத்தினா படலம் 50 மைக்ரானைத் தாண்டக் கூடாது, முடி கனம்னு வச்சுக்கோங்க. எக்ஸ்ரேல தெரியணும்னு கனமான தாதுப் பொடியும் சேர்ப்பாங்க, குறைஞ்சது 3 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியம் எக்ஸ்ரேல காட்டுற அளவுக்கு வெள்ளையா தெரியணும்.

இப்போ கிராம்புக்கு வருவோம், பழைய சீலர் அதை வச்சுத்தான். ஜிங்க் ஆக்சைடு பொடியோட யூஜினால் கலந்தா, ஒரு ஜிங்க்கை ரெண்டு யூஜினால் ரெண்டு பக்கமும் நண்டு மாதிரி கவ்விப் பிடிக்கும், அப்படித்தான் பசை இறுகுது. ஆனா இது தொடங்கவே கொஞ்சம் தண்ணி வேணும், அதனால காத்துல ஈரம் கூடினா சீக்கிரம் இறுகும். நம்ம ஊருல ஜூன்ல ஒரு மழை, ஐப்பசியில இன்னொரு மழை, அந்த நாளுல கலக்கிற டாக்டருக்குக் கை வேகமா ஓடணும். வேடிக்கை என்னன்னா, அதே தண்ணிதான் பிறகு உள்ள போய் பிடியை அவுத்தும் விடும். அவுந்து வெளிய வர்ற யூஜினால்தான் பாக்டீரியாவைக் கொல்லுது, அவுந்துட்டே இருந்தா பசை கரைஞ்சு இடைவெளியும் விழுது. மருந்தா வேலை செய்யுறதும் ஒழுகுறதும் ஒரே வாசல் வழியாத்தான். 24 மணி நேரத்துல 3 சதவீதத்துக்கு மேல கரையக்கூடாதுன்னு தரம் வச்சது இதுக்குத்தான். இன்னொரு தொல்லை, மிச்ச யூஜினால் இருந்தா மேல வைக்கிற ரெசின் ஃபில்லிங் சரியா இறுகாது.

அதனால எபாக்சி ரெசின் சீலர் வந்தது, வீட்டுல உடைஞ்ச பொருளை ஒட்ட ரெண்டு ட்யூப் கலப்போமே, அந்தக் குடும்பம்தான். இதுல ஏஎச் 26ங்கிற பழைய சீலர் இறுகும்போது ஃபார்மால்டிஹைடு விடும், பிறகு வந்த ஏஎச் பிளஸ்ல அந்தச் சங்கதியை மாத்திட்டாங்க. கரையுறது ரொம்ப கம்மி, இறுக பல மணி நேரம் ஆகும், ஆனா இறுகின பிறகு அது சும்மா ஒரு அடைப்பு, கொல்ற வேலையெல்லாம் பெருசா செய்யாது.

இப்போ பேசுறது பயோசெராமிக் சீலர். பேரு தான் பெருசு, உள்ள இருக்கிறது கால்சியம் சிலிகேட், வீடு கட்டுற சிமெண்டுல இருக்கிற அதே முக்கியப் பொருள். பல்லு ஓட்டைகள்ல இருக்கிற ஈரத்தைக் குடிச்சு இறுகும், அப்போ சுண்ணாம்பு வெளிவரும், காரத்தன்மையைக் காட்டுற பிஹெச் அளவு 11, 12 வரை ஏறும், அந்தக் காரத்தன்மையில பாக்டீரியா தாக்குப்பிடிக்காது. உடம்பு நீருல இருக்கிற பாஸ்பேட்டோட சேர்ந்து பல்லு எலும்புல இருக்கிற மாதிரி அபடைட்ங்கிற தாதுவும் மேல படியும். பழைய பசைகளுக்கு ஈரம் கூடினா தொல்லை, இதுக்கு ஈரம் தான் சாப்பாடு, பேப்பர் பாயிண்ட்ங்கிற ஈரம் உறிஞ்சுற காகிதக் குச்சி வச்சு துளி ஈரமில்லாம துடைச்சுட்டா சரியா இறுகாது. நல்லதுதானேன்னு நினைப்பீங்க, ஆனா எப்பவாவது பல்லு திரும்ப கெட்டு உள்ள போக வேண்டி வந்தா, கட்டா பெர்ச்சாவை யூக்கலிப்டஸ் எண்ணெய் ஊத்தி இளக்கிரலாம், இறுகின இந்த சிமெண்டை இளக்க ஒரு எண்ணெயும் இல்ல, சுரண்டித்தான் எடுக்கணும்.