லேசருக்குப் பிறகு கண் எரிந்தால் சொட்டு மருந்தைப் பாதியில் விடாதீர்கள்

"டொக்டர், கண்ணாடி போட்ட காலத்திலேயே நல்லாயிருந்தனான்."

கொழும்பில் லாசிக் செய்துகொண்டு வந்த ஒரு தம்பி, நாலாம் மாதம் கிளிநொச்சியில் என் முன்னால் இருந்து சொன்ன முதல் வசனம் இது. அட்டையின் கடைசி வரிவரை வாசிக்கிறார். ஆனால் பின்னேரமானால் கண்ணுக்குள் மண் விழுந்ததுபோல அறுக்கிறது.

அவருடைய சத்திரசிகிச்சை பிழைக்கவில்லை. கருமணிக்கு முன்னால் கண்ணாடிபோல இருக்கும் படலத்தை மடலாகத் திறந்து, அடியில் லேசரால் வளைவை மாற்றுவதுதான் லாசிக். அந்த வெட்டில் நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்கிறது என்று மூளைக்குச் சொல்வது அந்த நரம்புகள். அவை பேசாமல் இருந்தால் கண்ணீரும் குறையும், இமைப்பதும் குறையும். பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் இது தணிந்துவிடும். ஆனால் இவருக்கோ நாள் முழுக்க ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டம், சோளகக் காற்று, புழுதி, இரவில் போன். கண்ணீரை அளக்கக் கீழிமைக்குள் கடதாசிக் கீலம் வைத்தேன். 5 நிமிடத்தில் 10 மில்லிமீற்றராவது நனைய வேண்டியது, 4 தான் நனைந்தது.

இந்த நிலையில் செயற்கைக் கண்ணீர் மட்டும் போதாது. கண் காய்ந்தால் அழற்சி வரும். அழற்சி வந்தால் கண்ணீர் இன்னும் குறையும். அந்தச் சுழற்சியை அறுக்கத்தான் சைக்ளோஸ்போரின் சொட்டு. சிறுநீரகம் மாற்றியவர்கள் விழுங்கும் மருந்தும் இதே பெயர்தான் என்பதால் சிலர் பயந்துவிடுகிறார்கள். கண்ணுக்கு விடுவது 0.05 வீதச் சொட்டு. இரத்தத்தில் சேர்வது மிகமிகச் சொற்பம். அமெரிக்காவில் 2002 முதல் அனுமதியுள்ள மருந்து. காலை ஒரு சொட்டு, இரவு ஒரு சொட்டு. முழுப் பலன் தெரிய 3 முதல் 6 மாதம் வேண்டும்.

சிக்கலே அங்கேதான். பத்தாம் நாள் தம்பி மருந்தை நிறுத்திவிட்டார். "மிளகாய் தேய்ச்ச மாதிரி எரியுது, எனக்கு ஒத்துவரேல்லை." தொடக்கத்தில் பலருக்கும் எரியும், சில வாரங்களில் குறையும். இதை முதல் நாளே அழுத்திச் சொல்லாதது என் பிழை. இப்போது ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் துண்டு எழுதுகிறேன். செயற்கைக் கண்ணீரும் விடுபவர்கள் இரண்டுக்கும் இடையில் 15 நிமிடம் விடுங்கள். அதை அடிக்கடி விடுகிறீர்கள் என்றால் பதனப்பொருள் கலக்காததைக் கேட்டு வாங்குங்கள்.

மருந்தை நிறுத்தியவர் பார்மசியில் கேட்டு, அழற்சியை அடக்கும் ஸ்டீரொய்ட் கலந்த சொட்டு ஒன்றை வாங்கி இரண்டு மாதம் விட்டிருக்கிறார். "போட்ட உடனே குளிர்ந்திட்டுது" என்றார். குளிரத்தான் செய்யும். நாங்களும் சிலருக்குத் தொடக்கத்தில் சில வாரம் கொடுப்போம், கண் அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து. தானாக மாதக்கணக்கில் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். அழுத்தம் நோகாமலே பார்வை நரம்பைத் தின்னும். அப்படிப் போன பார்வையை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. அவருக்கு அழுத்தம் கூடியிருந்தது, நல்லகாலம் நரம்பு தப்பியிருந்தது.

இன்னொன்று. கருமணிக்கு முன்னாலுள்ள அந்தப் படலத்தை லேசர் மெல்லியதாக்கிவிடுவதால், கருவி காட்டும் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். வவுனியாவோ முல்லைத்தீவோ, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் லேசர் செய்ததை முதலில் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த அளவுத் துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். திடீரென்று நொந்து, சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அது உலர்வு அல்ல. அன்றைக்கே வந்து காட்டுங்கள்.