அடுப்பை அணைத்த பிறகு அவியும் கடலை

கடல் மட்டத்தில் இருக்கும் கொழும்பில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. கொதி வந்த பிறகு காஸை எவ்வளவு கூட்டினாலும் சட்டிக்குள் சூடு அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் கூடும். "நல்லாக் கொதிக்கட்டும், கெதியா அவியும்" என்று பெரிய நெருப்பில் விட்ட கடலையும், மூடி போட்டுச் சின்ன நெருப்பில் மெல்லக் கொதிக்கும் கடலையும் ஒரே வேகத்தில்தான் அவிகின்றன.

ஒரு லீற்றர் குழாய்த் தண்ணீரை 28 பாகையிலிருந்து கொதிக்க வைக்க ஏறத்தாழ 300 கிலோஜூல் போதும். அதே லீற்றரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும், அதாவது ஏழரை மடங்கு. ஆனால் அரிசியின் மாச்சத்து 60 முதல் 80 பாகைக்குள்ளேயே தண்ணீரை உறிஞ்சிக் குழைகிறது. பருப்பு வகைகளின் கலச்சுவர்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின், 85, 90 பாகையிலேயே மெல்லக் கரையத் தொடங்குகிறது. சட்டி கொதித்துவிட்டால் அதன்பின் நெருப்பு செய்வதெல்லாம் ஆவியாகவும் சட்டியின் சுவர் வழியாகவும் வெளியே போகும் சூட்டை ஈடுகட்டுவதுதான். அந்தப் போக்கை அடைத்துவிட்டால் நெருப்பே வேண்டாம்.

இதை நம்பிச் செய்த, கொதித்த சட்டியை உள்ளே வைத்துச் சூடு போகாமல் மூடும் சமையல் பெட்டி 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே நோர்வேயிலிருந்து வந்து நின்றது. உலகப் போர்க் காலங்களில் ஐரோப்பிய வீடுகளில் வைக்கோல் அடைத்த பெட்டிகள் இதே வேலையைச் செய்தன. 2022இல் காஸ் சிலிண்டருக்குத் தெருத்தெருவாக வரிசை நின்றபோது கொழும்பின் தொடர்மாடி வீடுகளில் விறகு மூட்ட வழி இருக்கவில்லை. அப்படியான வீட்டுக்குத்தான் இந்தப் பெட்டி மிகவும் பொருந்தும், புகை இல்லை, சமையலறையும் வேகாது.

பெட்டிக்குக் கடை ஏற வேண்டியதில்லை. இறக்குமதித் திராட்சை வரும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டி மூடியோடு கிடைத்தால் நல்லது. மீன் வந்த பெட்டியை வாங்காதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் மணம் போகாது, சூடுபட்டதும் இரட்டிப்பாக எழும். ரெஜிபோம் இல்லாவிட்டால் உறுதியான காட்போட் பெட்டி, பழைய தும்பு மெத்தையின் தும்பு, இலவம் பஞ்சுத் தலையணை இவை போதும். சூட்டைத் தடுப்பது தும்போ பஞ்சோ அல்ல, அவற்றுக்குள் அசையாமல் அகப்பட்டிருக்கும் காற்று. ஆகவே இறுக்கி அடைக்கக் கூடாது. சட்டியைச் சுற்றியும் மேலேயும் 7, 8 சென்ரிமீற்றர் தடிப்பும், அடியில் 5 சென்ரிமீற்றராவதும் வேண்டும். சட்டிக்கும் பஞ்சுக்கும் இடையில் வெற்றிடம் விட்டால் அதற்குள் காற்று சுழன்று சூட்டைக் கடத்திவிடும். சட்டியை வைத்துப் பார்த்து, அதன் உருவத்துக்கே குழி செய்துகொள்ளுங்கள்.

ரெஜிபோமை நேரே சட்டியில் படவிட வேண்டாம். அது பொலிஸ்டைரீன், 100 பாகையை நெருங்கும்போது இளகிக் குழிந்துவிடும். இரண்டாக மடித்த பருத்தித் துவாயை இடையில் வைத்தால் போதும்.

இனி அரைக் கிலோ கடலை. எட்டு மணி நேரம் ஊறவைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோவாகும். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, புதிதாக ஒன்றரை லீற்றர் விட்டு, இறுக்கமான மூடி போட்டுக் கொதிக்க வையுங்கள். கொதி வந்ததும் 10 நிமிடம் விடவேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்கக் கூடாது, கடலையின் நடுப்பகுதியும் நன்றாகச் சூடாகிவிட வேண்டும். நடு சூடாகாமல் பெட்டிக்குள் போனால், வெளித் தண்ணீரின் சூட்டைக் கடலையே குடித்துவிடும். பின்பு அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல், அரை நிமிடத்துக்குள் பெட்டிக்குள் இறக்கி, மேலே தலையணையை வைத்து மூடுங்கள். மூன்று மணி நேரத்தில் விரலால் நசுக்கினால் மசியும், பழைய கடலையென்றால் நாலு மணி.

கணக்கைப் பார்ப்போம். பேர்னரின் சூட்டில் பாதிதான் சட்டிக்குள் போகிறது என்று வைத்தால், இதைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 30 கிராம் காஸ் எரியும். அதற்குப் பிறகு சின்ன பேர்னரை அரைக் கிலோவாட் அளவுக்குக் குறைத்து 75 நிமிடம் வைத்தால் இன்னும் 50 கிராம். பெட்டியில் அந்த 50 கிராமுக்குப் பதில், பத்து நிமிடக் கொதிக்கான 7 கிராம்தான். 80 எங்கே, 37 எங்கே! பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு இராது, அது 120 பாகையில் வேலையைச் சுருக்கிவிடும். மைசூர்ப் பருப்புக்கும் பெட்டி வீண், அது அடுப்பிலேயே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சோற்றில் வேறொரு மிச்சம் இருக்கிறது. கஞ்சி வடிக்கும் வீட்டில் அரைக் கிலோ அரிசிக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் மேலதிகமாகச் சூடாகி வடிதட்டில் போகிறது. அதற்கு மட்டும் 20 கிராம் காஸ். பெட்டியில் ஆவி போகாததால், வற்றவிடும் சோற்றுக்கு வழக்கமாக ஒரு சுண்டு அரிசிக்கு இரண்டு சுண்டு தண்ணீர் என்றால் ஒன்றேமுக்காலே தாராளம். ஐந்து நிமிடம் கொதித்த சிவப்புப் பச்சையரிசி பெட்டிக்குள் முக்கால் மணியில் சோறாகும், அடியும் பிடிக்காது.

சரியாக வராத பெட்டிகளில் பெரும்பாலும் குற்றம் மூடியில் இருக்கும். ஒரு தேக்கரண்டித் தண்ணீர், அதாவது 5 கிராம், ஆவியாகிப் போனால் 11 கிலோஜூல் போய்விடும். மூன்று லீற்றர் சட்டியில் அது ஏறத்தாழ ஒரு பாகை. "அவிந்துவிட்டதா" என்று இரண்டு தரம் திறந்து பார்ப்பதே ஒரு மணி நேர உழைப்பைக் கெடுத்துவிடும். நல்ல பெட்டியில் மூன்று லீற்றர் கறி மணிக்கு 4 பாகை இறங்குவது கணக்கு. இடுக்குகளால் நடைமுறையில் 6, 7 கூட இறங்கும். ஆவி பஞ்சில் படிந்தாலும் நட்டம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். கொழும்பு ஈரக் காற்றில் அது தானாகக் காயாது, பூஞ்சணமும் பிடிக்கும். தலையணையை அவ்வப்போது வெயிலில் போடத்தான் வேண்டும்.

புளி, தக்காளி, தேசிக்காய் எதுவும் முதலில் சேர்க்காதீர்கள். அமிலத்தில் பெக்டின் இறுகி நிற்கும், அடுப்பிலென்றால் இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டுச் சமாளிக்கலாம், பெட்டியில் வழியில்லை. கல்சியமும் இதையே செய்யும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீரில் கடலை அவியச் சுணங்குவது இதனால்தான். களனி ஆற்றிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் கொழும்புக் குழாய்த் தண்ணீர் மென்மையானது, இங்கே அப்பச்சோடா தேவைப்படாது. தேங்காய்ப்பால் கறியென்றால் முதற்பாலைக் கடைசியில், அடுப்பில் சூடாக்கும்போது விடுங்கள்.

ஆபத்து 60 பாகைக்குக் கீழே தொடங்குகிறது. கொதித்தாலும் சாகாத பக்டீரியா வித்திகள் சில உண்டு. சோற்றில் பசில்லஸ் சீரியஸ், இறைச்சியில் குளொஸ்ட்ரீடியம் பர்ஃப்ரிஞ்சென்ஸ். இளஞ்சூட்டில் அவை முளைத்துப் பெருகும். பெட்டியைத் திறக்கும்போது வெப்பமானி 70 காட்டினால் கவலையில்லை. வெப்பமானி இல்லாவிட்டால் நாலு மணியைத் தாண்ட விடாமல் எடுத்து, ஒருமுறை கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். எலும்பு சூப்பை இரவு வைத்து விடிய எடுக்கும் வேலை வேண்டாம். சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமகுளூட்டினின் என்ற நஞ்சு உண்டு. 80 பாகையில் நெடுநேரம் கிடந்தால் அது அழிவதில்லை. ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டு, முழுக் கொதியில் அரை மணி நேரம் அவித்த பின்பே பெட்டிக்குள் வைக்கலாம்.

சட்டி சிறிதானால் பெட்டி தோற்கும். உள்ளிருக்கும் சூட்டோடு பார்க்கும்போது வெளிப்பரப்பு கூடிவிடுவதுதான் காரணம். குறைந்தது இரண்டு லீற்றர் உணவாவது இருக்கவேண்டும், சட்டியும் முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருப்பவருக்கு வாய் அகன்ற ஒரு லீற்றர் பிளாஸ்க் மேல். முதலில் கொதிநீர் விட்டு ஐந்து நிமிடம் உள்ளே சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். இரவு ஊறிய 100 கிராம் பச்சைப்பயறை முக்கால் லீற்றர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, கொதியோடு பிளாஸ்கில் ஊற்றி இறுக மூடினால் இரண்டு மணியில் அவிந்திருக்கும். உப்பும் தேங்காய்ப்பூவும் பயறைப் பிளாஸ்கிலிருந்து எடுத்த பிறகு சேருங்கள்.