மின் சப்ளையர் திவாலானால் பிரிட்டனில் என்ன நடக்கும்?

பிரிட்டனில் உங்களுக்கு மின் பில் அனுப்பும் கம்பெனி மூடப்பட்டாலும் வீட்டில் கரண்ட் நிற்காது. கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் வேறு நிறுவனங்களின் பொறுப்பு. சப்ளையர் மொத்தச் சந்தையில் வாங்கி நமக்குச் சில்லறையில் விற்பவர், அவ்வளவுதான். அவர் திவாலானால் ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெம் சில நாட்களுக்குள் வேறொரு சப்ளையரை நியமித்து வாடிக்கையாளர்களை மாற்றிவிடும்.

நீங்கள் அவசரப்பட வேண்டாம். மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து வையுங்கள். புதிய கம்பெனி தொடர்புகொள்ளும்வரை டைரக்ட் டெபிட்டை (வங்கிக் கணக்கிலிருந்து பில் பணம் தானாகப் போகும் ஏற்பாடு) நிறுத்தாதீர்கள். பழைய கணக்கில் கட்டி வைத்த மிச்சப் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பாக்கி இருந்தால் அதுவும் தள்ளுபடி ஆகாது. புதிய கம்பெனி பிடிக்கவில்லையா? அபராதமின்றி வேறிடம் போகலாம்.

புதிய சப்ளையர் யார் என்பதில் நமக்குப் பேச்சே இல்லை. பியூர் பிளானட் என்ற சிறு கம்பெனியில் எண்ணெய் நிறுவனமான பிபிக்கு 24 சதவீதப் பங்கு இருந்தது. 2021-இல் எரிவாயு விலை எகிறியதும் பிபி கைகழுவியது; அக்டோபரில் கம்பெனி கவிழ்ந்தது. அதன் வாடிக்கையாளர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஷெல் எனர்ஜி, அதாவது இன்னொரு எண்ணெய் நிறுவனம். அந்த ஷெல்லும் 2023-இல் வீட்டு மின் விற்பனையை ஆக்டோபஸ் என்ற வேறொரு சப்ளையருக்கு விற்றுவிட்டு வெளியேறியது. லாபம் இல்லாத கடையை மூட விதி தடை போடவில்லை.

சப்ளையர் கவிழ்வதால் வரும் செலவு நம் தலையில்தான் விழுகிறது. 2021 நடுவிலிருந்து ஓராண்டுக்குள் 28 சப்ளையர்கள் மூடியதில், தனியாகக் கையாளப்பட்ட 'பல்ப்' என்ற சப்ளையர் நீங்கலாகவே, 270 கோடி பவுண்டு செலவானது என்றும், அது ஒரு வாடிக்கையாளருக்கு ஏறக்குறைய 94 பவுண்டு என்றும் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. யூனிட் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய தினசரி நிலைக் கட்டணத்தில் இதை ஏற்றினார்கள். சிக்கனமாக இருந்தும் தப்ப முடியாது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

'விலை உச்சவரம்பு இருக்கிறதே' என்று கேட்கலாம். 2019 ஜனவரியில் வந்த அந்த வரம்பு சில்லறை விற்பவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. யூனிட் விலைக்கும் நிலைக் கட்டணத்துக்கும்தான் வரம்பு. மொத்த பில்லுக்கு இல்லை. வட அயர்லாந்துக்கும் பொருந்தாது. மொத்தச் சந்தையில் மின் விலையைப் பெரும்பாலான நேரம் நிர்ணயிப்பது எரிவாயு மின்நிலையங்கள். எனவே எரிவாயு ஏறினால் காற்றாலை மின்சாரத்துக்கும் அதே விலைதான். எரிவாயு எடுத்து விற்கும் இடத்தில் இந்த வரம்பு எட்டிப் பார்ப்பதில்லை. ஷெல் 2022-இல் ஈட்டிய லாபம் 3,990 கோடி டாலர்.

எண்ணெய், எரிவாயு எடுப்பவர்கள்மீது போடப்பட்டது தனி வரி: 2022 மே மாதம் 25 சதவீதம், 2023-இல் 35, 2024 நவம்பரிலிருந்து 38. அதுவும் பிரிட்டனிலும் அதன் கடலிலும் எண்ணெய், எரிவாயு எடுத்த லாபத்துக்கு மட்டுமே. வெளிநாட்டுக் கிணறுகளில் கிடைத்த லாபம் இந்த வரிக்குள் வராது.