பாட்டு யாருடைய சேனலில் இருக்கிறது?

பிள்ளைக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு சிங்கிள், அதாவது தனிப்பாட்டு, பாடவைத்து வெளியிட்டுவிட வேண்டும் என்று துடிக்கும் பெற்றோர் இப்போது நிறைய. பதிப்புரிமை வழக்கறிஞரான என்னிடம் பெரும்பாலோர் வருவது பணம் கட்டி, பாட்டும் வெளியாகி, தகராறு முற்றிய பிறகுதான். கொஞ்சம் முன்னாலேயே வருகிறவர்களுக்கு ரெபெக்கா பிளாக்குக்கு நடந்ததைச் சொல்வேன்.

2011-இல் அந்தக் கலிஃபோர்னியச் சிறுமிக்கு 13 வயது. அம்மா 4,000 டாலர் கட்ட, ஆர்க் மியூசிக் ஃபேக்டரி என்ற நிறுவனம் ‘ஃப்ரைடே’ பாடலையும் வீடியோவையும் தயாரித்தது. பிப்ரவரியில் யூடியூபில் ஏறிய பாட்டை ஒரு மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை. மார்ச்சில் ‘இதைவிட மோசமான பாட்டு உண்டா’ என்று பகிர ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், வசவு மழை. கொலை மிரட்டல்வரை போய் அனாஹைம் போலீஸ் விசாரித்தது. பள்ளியிலும் கேலி தாங்காமல் வீட்டிலிருந்தே படிக்க வேண்டியதாயிற்று. அந்த வரிகளை எழுதியவர்கள் பெரியவர்கள். ஏச்சு வாங்கியது குழந்தை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

வீடியோ இருந்தது நிறுவனத்தின் சேனலில். ஜூனில் அதைப் பார்க்க 2.99 டாலர் கட்டணம் வைத்தார்கள். பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில், ரெபெக்கா தரப்பு உரிமை கோரியதும், 16 கோடிக்கு மேல் பார்க்கப்பட்ட வீடியோ நீக்கப்பட்டது. பிறகுதான் அது அவருடைய சொந்தச் சேனலுக்கு வந்தது.

நம் ஊரில் பெற்றோர் என்னிடம் நீட்டுவது பெரும்பாலும் ஒரு கொட்டேஷன், இல்லையென்றால் வாட்ஸ்அப் மெசேஜ். ‘கம்போசிங், மிக்ஸிங், மாஸ்டரிங், வீடியோ, யூடியூப் ரிலீஸ் உட்பட’ என்று ஒரே வரி. எந்தச் சேனலில் ரிலீஸ் என்று இருக்காது. ‘காசு நாங்கதானே சார் கொடுத்தோம்?’ என்பார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவையும் வீடியோப் படத்தையும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சொன்னவருக்கே தருகிறது. அந்தப் பட்டியலில் ஒலிப்பதிவு இல்லை. முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரே ஒலிப்பதிவின் தயாரிப்பாளர்; உரிமையும் அவருக்கே. ஸ்டுடியோக்காரர் ‘அது நான்தான்’ என்று வாதாட இடம் உண்டு. உரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 19-ஆம் பிரிவுப்படி அந்தக் கைமாற்றம் ஐந்து ஆண்டுதான் செல்லும்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளை போடும் ஒப்பந்தம் செல்லாது. கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். சேனலை உங்கள் பெயரில் தொடங்குங்கள். கமென்ட்டை மூடும் வசதி அப்போதுதான் உங்கள் கையில் இருக்கும். வெளியிட்ட அன்று இரவே மூடவேண்டி வரலாம். ஸ்டுடியோ தன் சேனலில்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், ‘பெற்றோர் எழுத்தில் கேட்ட 24 மணி நேரத்துக்குள் நீக்கித் தரவேண்டும்’ என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.