சில்லு நிலத்தை விட்ட பிறகு

ஜனவரி பிறந்தால் காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரை பல வீட்டுக் கைபேசிகளுக்கு ஒரே மாதிரி வீடியோக்கள் வந்து சேரும். சவூதியில் வேலை செய்யும் மகனோ மருமகனோ வெள்ளிக்கிழமை லீவில் நாலு பேராகச் சேர்ந்து, கார் பிடித்துப் போய், டக்கார் என்ற பாலைவன வாகன ஓட்டப் போட்டியைப் பார்த்து எடுத்தவை அவை. 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸில் முதல்முறையாகப் புறப்பட்டு, சஹாராவைக் கடந்து செனகலின் டக்கார் நகரில் முடிந்த ஓட்டம் அது. 2009இல் தென்னமெரிக்காவுக்குப் போனது. 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. மணலைக் கிழித்துக்கொண்டு கார் பறப்பது பார்க்க அழகுதான். ஆனால் எனக்கு அந்த வீடியோக்களில் முதலில் கண்ணில் படுவது, எடுத்தவர் எங்கே நிற்கிறார் என்பது. பலர் நிற்கும் இடம் வயிற்றைக் கலக்குகிறது.

இது தூரதேசத்துக் கவலை மட்டுமல்ல. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். அம்பாறையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிற இடம். அங்கே பாதைக்கு ஓர் ஓரமாவது இருந்தது. பாலைவன ஓட்டத்தில் பல இடங்களில் பாதை என்றே ஒன்று இல்லை.

வாகனத்தைச் சாரதி ஓட்டுகிறார் என்று சொல்கிறோம். பௌதிகப்படி பார்த்தால் அவர் செய்யக்கூடியதெல்லாம் நான்கு டயர்கள் நிலத்தைத் தொடும் இடங்களின் வழியாகத்தான் நடக்கும். பிரேக், ஸ்டியரிங், எஞ்சினின் இழுவை மூன்றும் அந்த உராய்வை நம்பியிருக்கின்றன. டயர் நிலத்தை விட்டால் மூன்றும் ஒருசேரப் போய்விடும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் 10 பாகை சரிவுள்ள ஒரு மேட்டில் ஏறிப் பாய்ந்தால் ஏறத்தாழ ஒரு செக்கன் காற்றில் இருக்கும். அதற்குள் 27 மீற்றர் கடந்துவிடும். அந்த ஒரு செக்கனில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் போகும் திசை மாறாது. சடத்துவம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் வாகனம் விழும்.

விழுந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். மேட்டில் ஏறும்போது அமுங்கிய ஸ்பிரிங், விளிம்பில் விரிந்து பின்பக்கத்தைத் தூக்கி உதைக்கும். அந்தச் சக்தியை வெப்பமாக்கி அடக்குவது ஷொக் அப்சோபரின் வேலை. மணிக்கணக்காக அடிவாங்கிச் சூடேறிய ஷொக்கினால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. பின்பக்கம் உயர்ந்து, மூக்குத் தாழ்ந்து, சற்றுக் கோணலாக ஒரு சில்லு மட்டும் முதலில் நிலத்தைத் தொடுகிறது என்று வையுங்கள். வாகனம் பக்கவாட்டில் வழுக்கும். தார் வீதியில் அப்படி வழுக்கினால் பெரும்பாலும் டயர் தேய்வதோடு போய்விடும். மணலில் டயரின் பக்கம் மண்ணை வழித்துத் தனக்கு முன்னால் குவிக்கும். குவிந்த மணல் சில்லைப் பிடித்து நிறுத்தும். மேலே இருக்கும் உடல் நிற்காது. கால் தடுக்கிய மனிதன் விழுவதும் இதே விதிப்படிதான். வாகனம் உருளத் தொடங்கிவிடும்.

2010 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் நடந்த கலிபோர்னியா 200 ஓட்டத்தில் இதைப் போன்றதொன்று நடந்தது. ஒரு மேட்டில் பாய்ந்த ட்ரக் இறங்கும்போது கட்டுப்பாட்டை இழந்து, ஓரத்தில் சில அடி தூரத்தில் நின்றவர்கள் மேல் உருண்டது. 8 பேர் இறந்தார்கள். பாய்ச்சலைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்பதால்தான் கூட்டம் அந்த இடத்தில் சேர்ந்திருந்தது. பாய்ச்சல் அழகாகத் தெரியும் இடமும் வாகனம் சாரதியின் கையை விட்டுப் போகும் இடமும் ஒன்றேதான். அதனால் மேட்டையும் வாகனம் வந்து விழும் இடத்தையும் பக்கவாட்டில் வெகு தூரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எவ்வளவு தூரம்? டக்காரின் முதல்தரக் கார் ஏறத்தாழ 2 தொன் எடை. அதன் உச்ச வேகத்தை விதிகள் மணிக்கு 170 கிலோமீற்றராகக் கட்டுப்படுத்துகின்றன. இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 100இல் வருவதைவிட 170இல் வரும் காரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தி இருக்கும். சாதாரணமான 100ஐயே எடுப்போம். மணலில் பக்கவாட்டாக வழுக்கும்போது உராய்வுக் குணகம் 0.5 என்று கொண்டால், அந்தக் கார் நிற்க 80 மீற்றர் வேண்டும். நாமோ ஆபத்தைக் கண்டு, விளங்கி, காலை எடுக்கவே ஒரு செக்கனுக்கு மேல் ஆகும். அதற்குள் அது 28 மீற்றர் வந்துவிடும். கால் புதையும் இளகிய மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் இரண்டு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். கிட்டத்தில் நின்றுகொண்டு, வந்தால் விலகிக்கொள்ளலாம் என்பது கணக்கில் வராத பேச்சு.

உயரம் உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 10 மீற்றர் மேலே ஏறுவதற்கு 100இல் வரும் வாகனம் தன் சக்தியில் கால்வாசியைத்தான் இழக்கிறது. சரிவின் மணல் உறிஞ்சுவது அதற்கு மேலதிகம். மணல்மேட்டை விடப் பாறைத் திட்டு ஒன்றின் மேல் நிற்பது நூறு மடங்கு மேல்.

வளைவில் கைவிட்டுப்போகும் வாகனம் தொடலியின் வழியே வெளிப்பக்கம் நேராகப் போகும். வெளிப்பக்கம் நிற்கக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். உட்பக்கமும் முழுப் பாதுகாப்பில்லை என்பது அவ்வளவு தெரியாது. பின்பக்கம் வழுக்கும்போது சாரதி எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கை வெட்டுவார். அந்த நேரம் டயர் திடீரென்று பிடித்துக்கொண்டால் வாகனம் உட்பக்கமாகத் தெறிக்கும். அதனால் உட்பக்கமாக, ஆனால் வளைவை விட்டுத் தள்ளி, வாகனம் வரும் திசையைப் பார்த்தபடி நிற்பது நல்லது. கழன்ற சில்லையும் மறக்கக்கூடாது. அது உருளும், உருள்வதற்கு உராய்வுத் தடை குறைவு. வாகனம் நின்ற பிறகும் அது போய்க்கொண்டிருக்கும்.

இனி மணற்குன்றுகள். காற்று குவித்த மணற்குன்றுக்கு இரண்டு முகம். காற்று வரும் பக்கம் மெல்லிய சரிவு, பெரும்பாலும் 10 முதல் 15 பாகை வரை. மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். காற்று உருட்டிக்கொண்டு வந்த மணல்மணிகள் உச்சியைத் தாண்டியதும் காற்று படாத மறைவில் விழுந்து குவிகின்றன. குவியல் 32, 34 பாகையைத் தாண்டினால் தாங்காமல் சரிந்துவிடும். உலர்ந்த மணல் தானாக நிற்கக்கூடிய உச்சச் சரிவு அவ்வளவுதான். உச்சியில் உட்கார்ந்து கைநிறைய மணலை மறுபக்கம் விட்டால், நாக்கு நாக்காக அது வழிந்து இறங்கி நிற்பதைப் பார்க்கலாம்.

ஓட்டுபவர் மெல்லிய சரிவில் வேகம் எடுத்து ஏறுகிறார். வேகம் குறைந்தால் புதைந்துவிடும் என்பதால் உச்சிவரை அவரால் மெதுவாக முடியாது. உச்சியில் வாகனத்தின் மூக்கு வானத்தைப் பார்க்கும். கண்ணாடிக்குள்ளிருந்து தெரிவது நீலம் மட்டும். மறுபக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. நாமோ வெயிலுக்கு ஒதுங்கவும் காற்றுக்கு மறையவும் அந்தச் செங்குத்துப் பக்கத்தைத்தான் தேடுவோம். அங்கே உட்காரவே கூடாது. உச்சி விளிம்பும் கூடாது. முந்தியவர்களின் சில்லுத் தடம் தள்ளித்தானே இருக்கிறது என்ற ஆறுதலும் வேண்டாம். டக்காரில் வழிகாட்டுவது குறிப்பேடும் திசையும்தான். குன்றுகளுக்குள் ஒவ்வொருவரும் தன் வழியைத் தானே தேர்கிறார்கள். முந்தியவரின் தடத்தில் மணல் இளகியிருப்பதால் பின்னால் வருபவர் அதை விட்டு விலகியே ஏறுவார். பார்வையாளருக்கென்று ஏற்பாட்டாளர்கள் குறித்த இடத்தில் நிற்பதே முதல் விதி.

கண்ணை எவ்வளவு நம்பலாம்? நேரே நம்மை நோக்கி வரும் வாகனம் நகர்வதாகவே தெரியாது, பெரிதாகிக்கொண்டு மட்டும் வரும். 2.3 மீற்றர் அகலமான கார் 200 மீற்றர் தூரத்தில் இருக்கும்போது, நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் தெரியும். மணிக்கு 144 கிலோமீற்றரில் வந்தால் அது இரட்டிப்பாக இரண்டரை செக்கன் எடுக்கும். அடுத்த இரட்டிப்புக்கு ஒன்றேகால். மிச்சமிருக்கும் 50 மீற்றரையும் அதே ஒன்றேகால் செக்கனில் முடித்துவிடும். கைபேசித் திரையில் பார்ப்பவருக்கு இது இன்னும் பிந்தித்தான் உறைக்கும், அகன்ற லென்ஸ் எல்லாவற்றையும் தூரமாகக் காட்டுவதால். படம் எடுப்பவருக்குப் பக்கத்தில் எடுக்காமல் பார்க்கிற ஒருவர் இருக்க வேண்டும்.

காதும் ஏமாற்றும். ஒலி சூடான காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகிறது. பகலில் மணலை ஒட்டிய காற்று கொதிக்கும், மேலே போகப்போகக் குளிரும். அதனால் ஒலி அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலாகப் போய்விடும். இரவில் நிலம் குளிர்ந்து நிலைமை தலைகீழாகும், ஒலி கீழ்நோக்கி வளையும். மட்டக்களப்பில் வாவிக்கு அக்கரைக் கோயிலின் ஒலிபெருக்கி, பகலில் கேட்காதது நடுச்சாமத்தில் சொல் சொல்லாகக் கேட்பது இதனால்தான். காற்றும் இதே விளையாட்டை ஆடும்: காற்றை எதிர்த்து வரும் ஒலி மேலே வளையும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புழுதிக்குத் தப்ப வேண்டுமானால் காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். அங்கே நின்றால் எஞ்சின் சத்தம் காற்றை எதிர்த்து வர வேண்டியிருப்பதால் குறைவாகக் கேட்கும். நான் கண்ணையே தேர்வேன். பருமணல் எழுந்தால் ஓரிரு செக்கனில் விழுந்துவிடும். 10 மைக்ரோன், அதாவது மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு, அளவுத் தூசோ அசையாத காற்றிலும் 2 மீற்றர் இறங்க நாலு நிமிடம் எடுக்கும். ஃபெஷ் ஃபெஷ் என்று சாரதிகள் அஞ்சும் மாத்தூள் நிலத்தில் ஒரு கார் போனால், அடுத்த கார் வரும்போதும் திரை கலைந்திருக்காது. அந்தத் திரைக்குள் நிற்பவரைச் சாரதி காணமாட்டார். போட்டி வாகனங்களுக்குள் பின்னால் ஆள் முந்த வருவதை ஒலித்துச் சொல்லும் கருவி உண்டு. ஓரத்தில் நிற்பவருக்கு அது இல்லை.

வழக்கமாக முதலில் மோட்டார் சைக்கிள்கள் வரும், பிறகு கார்கள், கடைசியில் லொறிகள். மணிக்கணக்காக நின்றவர்கள் பழகிப்போய்க் கிட்டக் கிட்ட வருகிற நேரத்தில்தான் 8 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள் வந்து சேர்கின்றன. அவற்றின் வேக எல்லை 140. அதே வேகத்தில் போகும் காரைவிட நாலு மடங்குக்கு மேல் சக்தி.

உடம்பு விஷயம் சுருக்கமாக. நம் ஊரில் வியர்வை வழிவதால் தாகம் எடுக்க முன்பே தண்ணீர் நினைவு வரும். பாலைவனத்தின் வறண்ட காற்றில் வியர்வை தோலிலேயே ஆவியாகிவிடும், கச்சான் வீசும் நாட்களில் நமக்கும் ஓரளவு நடப்பதுதான். சட்டை நனையவில்லை என்பதற்காக நீர் போகவில்லை என்று அர்த்தமில்லை. சூரியன் விழுந்ததும் ஜனவரிக் குளிர் எலும்புக்குள் இறங்கும், ஜக்கெற் வேண்டும். அங்கே வாடி என்று சொல்லும் காய்ந்த ஆற்றுப் படுக்கையில் கூடாரம் அடிக்கக்கூடாது. எங்கோ பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும்.

கடைசியாக, ஒரு வாகனம் கண்முன்னே கவிழ்ந்தால். ஓடிப்போய்த் தூக்கிவிடத்தான் மனம் சொல்லும், நம் ஆட்களின் இயல்பு அது. தியத்தலாவையில் முதலில் ஒரு கார் பாதையோரம் கவிழ்ந்தது. மற்ற வாகனங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு வந்த கார்தான் உயிர்களைக் கொண்டுபோனது. டக்காரில் சில நிமிட இடைவெளியில் அடுத்தவர் வருவார். கவிழ்ந்த வாகனத்தில் செய்மதி வழி அபாயம் அறிவிக்கும் கருவி இருக்கிறது, மருத்துவ ஹெலிகொப்டர் இருக்கிறது. உதவிக்கு நிற்கும் போட்டியாளருக்கு இழந்த நேரம் திருப்பித் தரப்படும் என்பதால் பின்னால் வருபவர்களும் நிற்பார்கள். நாம் ஓட்ட வழிக்குள் இறங்காமல், நின்ற உயரத்திலேயே நின்று, கைபேசி வரைபடத்தில் இடத்தின் ஆள்கூறுகளைக் குறித்துக்கொண்டு அழைக்க வேண்டும். சவூதியில் அம்புலன்ஸ் இலக்கம் 997.