தொட்டால் உதிரும் கல்: ஈஸ்டர் தீவுக்குச் செல்வோர் கவனத்திற்கு

கற்சிற்பங்களைப் பேணும் பணியில் இருப்பதால், ஈஸ்டர் தீவுக்குப் புறப்படுவோர் என்னிடம் தவறாமல் கேட்பது, பல நூற்றாண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும், மோவாய் என்று அத்தீவார் அழைக்கும் மாபெரும் மனித உருவக் கற்சிலையை ஒருமுறை தொட்டால் என்ன கெட்டுவிடும் என்பதுதான். கோயில் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் நம் கோயில்களின் கருங்கல் வேறு. சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தொலைவில் பசிபிக் பெருங்கடலில் கிடக்கும் அத்தீவின் கல் வேறு.

பெரும்பாலான மோவாய் சிலைகள் ரானோ ராராக்கு எரிமலைச் சரிவில் வெட்டப்பட்டவை. எரிமலைச் சாம்பலும் கல்துணுக்குகளும் படிந்து இறுகிய பாறை அது. இரும்பை அறியாத, தீவின் பூர்வகுடிகளான ராப்பா நூயி மக்கள் கல் உளிகளைக் கொண்டே அதைச் செதுக்க முடிந்ததற்குக் காரணமான மென்மையே இன்று அது தேய்வதற்கும் காரணமாகிறது. நுண்துளைகள் நிறைந்த இக்கல் மழைநீரையும் கடற்சாரலையும் உறிஞ்சுகிறது. நீர் உலரும்போது உள்ளே தங்கும் உப்பு படிகமாகி, துளைச்சுவர்களை நெருக்கி, மேற்பரப்பைத் தளர்த்துகிறது. அப்படித் தளர்ந்த இடத்தில் விரல் பட்டால், காரை பெயர்ந்த பழைய சுவரைப் போலத் துகள் கையோடு வரும்.

காப்பில் இருந்த கல்லுக்கும் வெளியில் நின்ற கல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண அனாக்கேனா கடற்கரைக்குச் செல்லுங்கள். வெளிர்மணலும் தென்னைகளும் சூழ்ந்த அவ்விடத்தில், அஹு நாவ் நாவ் மேடைமீது நிற்கும் சிலைகளில் சிலவற்றின் தலையில் செந்நிற எரிமலைக் கல்லாலான கொண்டை உண்டு. நெடுங்காலம் மணலில் புதைந்திருந்ததால் அவற்றின் மெலிந்த விரல்களும், முதுகில் இடுப்புக் கச்சையைக் காட்டும் வளைகோடுகளும் இன்றும் தெளிவாக இருக்கின்றன. திறந்தவெளியிலேயே நின்ற பல சிலைகளின் முகங்களோ மழுங்கிவிட்டன. மணல் தந்த காப்பு இப்போது அனாக்கேனா சிலைகளுக்கும் இல்லை. 2008இல் ஒரு சுற்றுலாப் பயணி நினைவுப்பொருளுக்காகக் காதை உடைத்ததும் இக்கடற்கரைச் சிலை ஒன்றில்தான்.

குளித்தெழுந்த ஈரத்தோடு அந்த மேடையில் சாய்வதோ ஏறுவதோ கூடாது. அஹு என்பது வெறும் பீடமன்று. முன்னோரின் எலும்புகள் வைக்கப்பட்ட இடம். சிலையின் மூக்கில் விரல் விடுவதுபோலப் படமெடுக்கும் விளையாட்டு எனக்குச் சற்றும் பிடிக்காதது. கோணம் தேடித் தேடிப் பலர் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள்.

புகைபிடிப்போருக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் ரானோ ராராக்குப் பகுதியில் பரவிய தீயில் பல சிலைகள் கருகின. வெப்பத்தால் விரிசல் கண்ட கல்லில் மழைநீர் இன்னும் ஆழமாக இறங்கும்.

இச்சிலைகள் நிற்கும் ராப்பா நூயி தேசியப் பூங்காவை நிர்வகிக்கும் மாவு ஹெனுவா என்னும் பழங்குடிச் சமூக அமைப்பின் விதிப்படி, நுழைவுச்சீட்டு 10 நாள் செல்லும். ஆயினும் ரானோ ராராக்குக்கும் ஒரோங்கோ என்னும் பழைய சடங்குக் கிராமத்துக்கும் ஒருமுறை மட்டுமே அனுமதி. ஆகவே மழை நாளில் அவற்றைப் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். உடன்வரும் உள்ளூர் வழிகாட்டி, சிலைகள்மேல் வெள்ளைத் திட்டுகளாகப் படர்ந்திருக்கும் கற்பாசியைக் காட்டுவார். அழுக்கென்று எண்ணி அதைச் சுரண்டாதீர்கள். கல்லின் துளைக்குள் வேர்போன்ற இழைகளை இறக்கியிருக்கும் பாசி, பெயரும்போது கல்லையும் சேர்த்தே பெயர்த்துக்கொண்டு வரும்.