கல்லுக்கொல்லையைத் திருத்த அரசு வாடகை இயந்திரம்: வண்டி வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கொல்லை, அதாவது மானாவாரி நிலம், விலை பேசுகிறவர்கள் மண்ணைப் பார்ப்பதற்கு முன் கல்லைத்தான் பார்ப்பார்கள். மேலே செம்மண் ஒரு சாண் இருக்கும், கீழே சரளை, அதற்கும் கீழே எங்கே பாறை முட்டும் என்று கடப்பாரை போட்டால்தான் தெரியும். இந்த மாதிரி நிலத்தைத் திருத்த வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், ஜேசிபி, புல்டோசர் எல்லாம் மணி வாடகைக்குத் தருகிறது. பலருக்கு இது தெரியும். ஆனால் எந்த வண்டியைக் கேட்பது என்பதில்தான் தடுமாறுகிறோம்.

நானும் தடுமாறியவன்தான். காரிமங்கலம் பக்கம் ஒன்றரை ஏக்கர் கரம்பு. அவசரத்தில் தனியார் டிராக்டர் ஒன்றைப் பிடித்து ஒன்பது கொத்துக் கலப்பையை இறக்கச் சொன்னேன். இரண்டாவது சாலிலேயே கலப்பை ஒரு குண்டுக்கல்லில் மாட்டி, கொத்து ஒன்று வளைந்தது, முனையில் இருக்கும் கொழு இரண்டு போனது. ஓட்டியவர் வாடகையோடு கொழுவுக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு போனார். கல் அங்கேயேதான் கிடந்தது. தப்பு அவருடையது இல்லை. உழுகிற கருவியைக் கல் பெயர்க்கக் கூப்பிட்டது நான்.

கலப்பை மண்ணைக் கிளறும், கையில் தூக்குகிற அளவுக் கல்லை மேலே கொண்டுவரும், அவ்வளவுதான். பாதி புதைந்த குண்டுக்கல்லைப் பெயர்க்க ஜேசிபி வேண்டும். மேடு பள்ளத்தைச் சமன் செய்து கல்லை ஓரமாகத் தள்ள புல்டோசர். இவை முடிந்த பிறகுதான் டிராக்டருக்கு வேலை: உளிக்கலப்பையோ ஐந்து கொத்தோ ஓட்டி, மேலே வரும் கல்லை ஆள் விட்டுப் பொறுக்கி டிரெய்லரில் ஏற்றுவது. மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் கடைசி. கல் இருக்கும் நிலத்தில் அதை முதலில் இறக்கினால் கத்தி மிஞ்சாது.

வாடகை விவரத்துக்கு வருவோம். துறை டிராக்டருக்கு முன்பு மணிக்கு 340 ரூபாய் இருந்தது. 400 ஆகி, பிறகு 500 ஆனது. அதே வாடகைத் திருத்தத்தில் டயர் வைத்த ஜேசிபிக்கு 890, புல்டோசருக்கு 1,230, செயின் எக்ஸ்கவேட்டருக்கு 1,910 ரூபாய் என்று வைத்தார்கள். டீசலும் ஓட்டுநரும் இதில் அடக்கம். அரசு அவ்வப்போது மாற்றும் தொகை இது, ஆகவே பதியும் அன்று அரசின் உழவன் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செயலியில் உள்ள இ-வாடகை வழியாகவே பதிவு செய்து பணமும் கட்டலாம். போனில் சரிப்படாதவர்கள் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு நேரே போகலாம். பட்டா, ஆதார் கையில் இருக்கட்டும்.

உழவு வாடகையில் சிறு, குறு விவசாயிகளுக்குப் பாதி மானியம் என்றும் அரசு அறிவித்திருக்கிறது. இரண்டரை ஏக்கர் வரை இருந்தால் குறு, ஐந்து ஏக்கர் வரை சிறு. இதற்குத் தாசில்தார் தரும் சான்று வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சான்று வந்த பிறகு வண்டியைப் பதிவது நல்லது. உழுது முடித்துவிட்டு மானியத்துக்கு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோடை உழவு மானியம் வேறு, அது வேளாண்மைத் துறை தருவது. 2025-26 வேளாண் பட்ஜெட்டில் மானாவாரி நிலத்துக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய், அதாவது ஏக்கருக்கு 800 ரூபாய் என்று அறிவித்தார்கள். அது உழவுக்கு மட்டும்தான், கல் பெயர்ப்பதற்கு இல்லை.

சரி, முழுக் கொல்லையையும் திருத்தத்தான் வேண்டுமா? கடலை, கேழ்வரகு என்றால் வேண்டும். மாங்கன்று வைக்கப் போகிறீர்கள் என்றால் எனக்கு அதில் உடன்பாடில்லை. முப்பதடிக்குச் சற்று கூடுதலாக, பத்து மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 40 குழிதான். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். ஜேசிபியை வைத்துக் குழியை மட்டும் எடுத்துவிட்டு, நடுவில் கிடக்கும் கல்லை வருடா வருடம் கொஞ்சமாகப் பொறுக்கிக்கொள்ளலாம். பாறை முட்டும் குழியை நாலடி தள்ளிப் போடுங்கள், வரிசை கோணினால் மரம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

மணிக் கணக்கில் காசு ஓடுவதால், முதல் நாளே கொல்லையைச் சுற்றி வந்து பெயர்க்க வேண்டிய ஒவ்வொரு கல்லின் தலையிலும் சுண்ணாம்பு தடவி வையுங்கள். கல் எங்கே போய்க் குவிய வேண்டும் என்பதையும் குச்சி நட்டுக் காட்டுங்கள். ஓட்டுநர் வந்த பிறகு அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் கை காட்டிக்கொண்டு நின்றால் அரை மணி நேரம் போய்விடும். வேலை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் அவர் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லைக் கல்லுக்கு மட்டும் சுண்ணாம்பு வேண்டாம், சிவப்புத் துணி கட்டுங்கள். கல்லுக்கொல்லையில் சர்வே கல்லும் மற்றக் கல்லும் ஒன்று போலத்தான் தெரியும், புல்டோசர் ஓட்டுகிறவருக்கு இரண்டும் தள்ள வேண்டிய கல்தான். 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டப்படி அதைக் காப்பாற்றும் பொறுப்பு நிலத்துக்காரருடையது. பிடுங்கிவிட்டால் திரும்ப அளக்கப் பணம் கட்டி சர்வேயருக்குக் காத்திருக்க வேண்டும், பங்காளி சண்டை தனி.

இன்னொரு கல்லும் இருக்கிறது. நம் இரண்டு மாவட்டமும் நடுகல்லுக்குப் பேர் போனவை. மல்லச்சந்திரத்தில் கல்திட்டைகள், அதாவது பழங்கால ஈமச்சின்னங்கள், இன்னும் நிற்கின்றன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டு பழமையானது என்று 2022-இல் அறிவித்தார்கள். பலகைக் கல்லில் வில்லோடு ஆள் உருவமோ எழுத்தோ தெரிந்தாலும், வட்டமாகக் கற்கள் புதைந்திருந்தாலும், வண்டியை நிறுத்திவிட்டு விஏஓவுக்குச் சொல்லுங்கள்.

பெயர்த்த கல்லை என்ன செய்வது? வரப்போரம் அடுக்கிக் கல் வரப்பாக்குங்கள். சரிவான நிலத்தில் மண் ஓடாமல் தடுக்கும், வேலிக்கும் ஆச்சு. உங்கள் நிலத்துக்குள் இருக்கும் வரை பேச்சில்லை. ஆனால் “லோடுக்கு இவ்வளவு தருகிறேன்” என்று டிப்பரோடு ஒருவர் வந்தால் உஷாராக இருங்கள். கட்டடக் கல் சட்டப்படி சிறுகனிமம். பட்டா நிலத்தில் கிடைத்ததாக இருந்தாலும் புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் அனுமதியும், வண்டியில் ஏற்றிப் போவதற்கான நடைச்சீட்டும் இல்லாமல் வெளியே போகக் கூடாது. பிடித்தால் 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி வண்டியையே பறிமுதல் செய்யலாம். எங்கே ஏற்றினாய் என்று டிரைவரைக் கேட்டால் அவர் உங்கள் கொல்லையைத்தான் கை காட்டுவார்.